விமானக் கலப்புலோகங்களின் பழைய ஐரோப்பியக் குறியீடுகள்

ஐரோப்பிய நாடுகள் தத்தம் மரபுப்படி விமான உறுப்புகளின் உலோகங்களுக்கு இட்ட, பிற்காலத்தில் சர்வதேச எண்முறையால் பெரும்பாலும் வழக்கொழிந்த பெயர்களே இக்குறியீடுகள். 1940-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, பிரிட்டனின் நாட் விமானத்தையும், 1962-இன் ஒப்பந்தப்படி பிரான்சின் அலுவெட் ஹெலிகாப்டரை சேத்தக் என்ற பெயரிலும் கட்டியமையால், இவ்விரு மரபுகளும் நம் நாட்டு வரைபடங்களில் அருகருகே இடம்பெற்றன.

ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம் 1906-இல், செம்பும் மக்னீசியமும் சேர்ந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் தணித்தபின், அது நாட்போக்கில் தானே கடினமுறுவதைக் கண்டறிந்தார். டூராலுமின் என்று பெயர்பெற்ற அதன் வழித்தோன்றல்களே இப்பெயர்களில் பெரும்பாலானவை. பிரிட்டிஷ் முறையில் 'எல்' என்பது இலேசான உலோகத்தையும் 'எஸ்' என்பது எஃகையும் சுட்டும், 'டி.டி.டி.' என்பது விமான அமைச்சின் தொழில்நுட்ப வளர்ச்சித் துறை வெளியிட்ட விவரக்குறிப்பு. அடுத்து வரும் எண் வெறும் வரிசை எண்ணே ஆதலால், மூல ஆவணம் கைவசமில்லாதவனுக்கு அது எதையும் உணர்த்தாது. பிரெஞ்சு முறையோ தன் ரசாயனத்தைத் தானே உரைப்பது: ஏ-யு4ஜி என்பதில் ஏ அலுமினியம், யு செம்பு, 4 அதன் ஏறத்தாழச் சதவீதம், ஜி மக்னீசியம். அதுவே இன்றைய 2017ஏ. ஏ-யு4ஜி1 இன்றைய 2024. கான்கார்டு விமானத்தில் பிரிட்டன் ஆர்.ஆர்.58 என்றதைப் பிரான்சு ஏ-யு2ஜிஎன் என்றது. இரண்டும் 2618 என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

1954-இல் அமெரிக்காவில் தோன்றிய நான்கிலக்க எண்முறை 1970-இல் சர்வதேச உடன்பாடாயிற்று. எனினும், பழைய பெயருக்கு நேரான எண்ணைப் பட்டியலில் கண்ட மாத்திரத்தில் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகக் கொள்வது ஆபத்து. நிறமாலைப் பரிசோதனை கலவையைச் சொல்லுமேயன்றி, உலோகம் எவ்விதம் சூடாக்கப்பட்டு முதிர்விக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. அதற்குக் கடினத்தன்மையையும் மின்கடத்துத் திறனையும் சேர்த்தே அளந்தாக வேண்டும்.

எஃகில், பிரெஞ்சு முறையின் 15சிடிவி6 என்பது 0.15 சதவீதக் கரி, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றைக் குறிக்கும். இறுதி எண்ணை நான்கால் வகுத்தால் குரோமியம் ஒன்றரைச் சதவீதமெனப் பெறப்படும். ஐரோப்பாவில் 1.7734 என்ற எண் பெற்ற இவ்வெஃகு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டுகளின் திட எரிபொருள் மோட்டார் உறைகளில் பயன்பட்டு, இந்தியப் பொறியாளரிடையே அப்பிரெஞ்சுப் பெயராலேயே வழங்கிவருகிறது.