ஜமைக்காக் குரங்கின் உறவினர் யார்?

கரீபியன் கடலிலுள்ள ஜமைக்காவில் அத்தீவுக்கே உரிய குரங்கு எதுவும் இன்று இல்லை. ஆயினும் 1920-இல் அமெரிக்க விலங்கியலார் ஹரால்டு ஆந்தனி அங்குள்ள லாங் மைல் குகையைத் தோண்டியபோது, ஒரு குரங்கின் கீழ்த்தாடை கிடைத்தது. நியூயார்க் அருங்காட்சியகத்தில் அது 30 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1952-இல்தான் வில்லியம்ஸ், கூப்மன் என்ற இருவர் அதற்கு 'ஜெனோத்ரிக்ஸ்' எனப் பெயரிட்டனர்.

பெயர் வைத்தாயிற்று, அது எந்தக் குலத்தைச் சேர்ந்தது? இங்கேதான் சிக்கல். அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் பின்கடைவாய்ப் பற்கள் 3 உண்டு. இதற்கு 2 மட்டுமே. அணிலைப் போன்ற சிறிய மார்மோசெட் குரங்குகளுக்கும் 2 தான். அப்படியானால் இது அவற்றின் இனமா? ஆந்தைக் குரங்கின் உறவு என்றனர் சிலர். டிட்டிக் குரங்கின் உறவு என்றனர் வேறு சிலர். தனிக் குடும்பம் என்றோரும் உண்டு. பிறகு ஆராயப்பட்ட கால் எலும்புகளோ, மரத்தில் மெதுவாக ஊர்ந்து செல்லும் பிராணியினுடையவை போல் இருந்து குழப்பத்தை மேலும் வளர்த்தன.

டி.என்.ஏ.வைக் கேட்டால் விடை கிடைக்குமே எனலாம். ஆனால் டி.என்.ஏ. நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. உயிர் போனதும் அது துண்டு துண்டாக உடையத் தொடங்குகிறது. வெப்பநிலை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் கூடும் என்பது மாணவர்கள் அறிந்ததே. சைபீரியாவின் உறைந்த மண்ணில் மாமூத் யானையின் டி.என்.ஏ. 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்திருப்பது 2021-இல் தெரியவந்தது. வெப்ப நாட்டுக் குகையில் சில ஆயிரம் ஆண்டுகள் தாங்குவதே அரிது. நல்லவேளையாக, ஜெனோத்ரிக்ஸ் கடந்த 2,000 ஆண்டுகளுக்குள்ளும் வாழ்ந்திருந்த பிராணி.

2018-இல் லண்டன், நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் அதன் எலும்பிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் மரபுச் செய்தியைப் படித்துவிட்டனர். அது தென் அமெரிக்க டிட்டிக் குரங்குகளின் குலத்தைச் சேர்ந்தது. சுமார் 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவற்றிலிருந்து பிரிந்தது. வெள்ளம் அடித்துவந்த மரத்திரளில் மிதந்தே அதன் முன்னோர் கடல் கடந்திருக்க வேண்டும். டிட்டிக்குப் பின்கடைவாய்ப் பற்கள் 3; சுறுசுறுப்பாகத் தாவும் குரங்கு அது. ஆக, மூன்றாம் பல்லை இழந்ததும் நடை மந்தமானதும் இக்கிளையில் தனியே நேர்ந்த மாறுதல்கள். மார்மோசெட்டுக்கு அதில் பங்கே இல்லை. பல்லை எண்ணியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பெயரிட்ட நாளில் கையில் இருந்தது ஒரு தாடைதானே!

கியூபாவிலும் ஹிஸ்பானியோலாவிலும் இவ்வாறே அழிந்த குரங்குகள் உண்டு. மூன்று தீவுகளின் குரங்குகளும் ஒரே முன்னோரின் வழிவந்தவை என எலும்புகளை வைத்து வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தீவுகளின் குகைகளும் வெப்பமானவையே.