சென்னை மட்டும் மாட்டிக்கிட்ட கதை

இன்றைக்கு எச்.டி. சேனல் ஒவ்வொன்றையும் டிக் அடித்து, கணக்குப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். "அப்பல்லாம் எல்லா சேனலும் சும்மா வந்துச்சுப்பா" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் சிரிக்காதீங்க மக்கா. அந்த 'சும்மா' என்றைக்குப் போனது என்று தேதி போட்டே சொல்லலாம். 2003 செப்டம்பர் 1. இடம்: சிங்காரச் சென்னை.

முதலில் அந்த 'சும்மா'வே முழு சும்மா கிடையாது. கேபிள்காரருக்கு மாசாமாசம் ஒரு தொகை கொடுப்போம். அவர் இழுத்துவிட்ட ஒரே ஒயரில் சன், ராஜ், ஸ்டார் பிளஸ், கார்ட்டூன் நெட்வொர்க், டிஸ்கவரி எல்லாம் வரும். எது இலவசம், எதற்குக் காசு என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆனால் கட்டணச் சேனல்காரர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று கேபிள்காரரிடம் வாங்குவார்கள். அவரோ ஆயிரம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இருநூறு என்று கணக்குச் சொல்லுவார். இவர் பொய் சொல்றார்னு அவங்க ரேட்டை ஏத்த, ஏத்தினது கடைசியில் நம்ம தலையில் விடியும். இதுதான் சண்டை.

இதைத் தீர்க்க 2002-ல் கேபிள் டிவி சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பெயர் கண்டிஷனல் அக்சஸ் சிஸ்டம், சுருக்கமாக சி.ஏ.எஸ். கட்டணச் சேனல்களைப் பூட்டி அனுப்பணும். சாவி, வீட்டில் வைக்கிற செட் டாப் பாக்ஸ். வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு. பாக்ஸ் வேண்டாம் என்றால் குறைந்தது 30 இலவசச் சேனல், அதற்கு மாதம் 72 ரூபாய், வரி தனி. காகிதத்தில் பார்த்தால் நல்ல திட்டம்தான், குறை சொல்ல முடியாது.

டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நாலு ஊருக்கும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள். ஜூலை என்றார்கள், செப்டம்பர் என்றார்கள். டில்லியில் சட்டமன்றத் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போடுகிறவன் வீட்டு டிவியில் எவன் கை வைப்பான்? மற்ற ஊர்களும் நழுவின. கடைசியில் சோதனை எலியாக மாட்டினது நாம மட்டும்தான். 2004 பிப்ரவரியில் மத்திய அரசு திட்டத்தையே நிறுத்திவைத்த பிறகும் சென்னையில் அது பாட்டுக்கு ஓடியது!

சென்னைவாசி என்ன பண்ணினார்? பாக்ஸே வாங்கவில்லை :-) சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, அதற்கு மேல் மாதாமாதம் சேனலுக்கும் கொடுக்க எவன் தயார்? சீரியலும் சினிமாவும் தமிழ்ச் சேனல்களில் வந்தது, அவை பெரும்பாலும் இலவச வரிசையில் இருந்தன. பாக்ஸ் விற்பனை படுத்தது. ஊர் புரட்சி பண்ணவில்லை, ரிமோட்டில் கொஞ்சம் நம்பரை மறந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இதை 'சென்னை ஜெயித்த கதை'யாக எழுத எனக்கு மனசு வரவில்லை. சௌகார்பேட்டையில் இந்தி சீரியல் பார்க்கிற வீட்டுக்கு 'தமிழ்ச் சேனல் இருக்கே' என்பது என்ன பதில்? கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த பொடிசுகள், டிஸ்கவரி பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பையன்? காசுள்ள வீட்டில் பாக்ஸ் வந்தது. மற்ற வீட்டில் திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. அதுவரை ஒரே ஒயரில் எல்லோரும் ஒரே மாதிரி பார்த்த ஊர் அது.

அடுத்தது கிரிக்கெட். 2004 மார்ச்சில் இந்தியா பாகிஸ்தான் போனது. முல்தானில் சேவாக் 309 அடித்தாரே, அந்தத் தொடர். உரிமை டென் ஸ்போர்ட்ஸ் கையில். தூர்தர்ஷனுக்கும் கொடுக்கணும் என்று வழக்கு நடந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில். பாக்ஸ் வாங்காத ஊரில் அந்த வழக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், டென்னின் விளம்பரங்களோடேயே தூர்தர்ஷனில் மேட்ச் வந்தது. 2007-ல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். அதிலும் 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: அப்படி வாங்குகிற மேட்ச்சைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும்தான் காட்டலாம், தனியார் கேபிளில் கூடாது.

மற்ற மூன்று பெருநகரங்களுக்கு சி.ஏ.எஸ். போனது 2006 டிசம்பர் 31-ல், அதுவும் சில பகுதிகளுக்கு மட்டும். நமக்கு மூன்று வருஷம் கழித்து! தமாஷ் என்னவென்றால், 2012 அக்டோபரில் முழு டிஜிட்டல் மாற்றம் வந்தபோது மற்ற பெருநகரங்கள் மாறின, சென்னை கோர்ட் கேஸில் நின்றது. நடுவே 2011-ல், சென்னை தவிர்த்த மாவட்டங்களில் அரசு கேபிள் திரும்ப வந்தது, மாதம் 70 ரூபாய்க்கு. எட்டு வருஷம் முன்னாடி சென்னைக்குச் சொன்ன 72-க்கும் குறைவு, கூடவே கட்டணச் சேனல்களும்.

2019 பிப்ரவரியில் ட்ராய் புது விதி கொண்டுவந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய், வரி சேர்த்தால் 153.40. கட்டணச் சேனலுக்குத் தனி விலை. அந்த நூறில் எச்.டி. சேனல் ஒன்று எடுத்தால் இரண்டு என்று எண்ணிக்கொண்டார்கள். 2003-ல் சென்னைக்குச் சொன்ன அதே கணக்கு, நாடு முழுக்க.

அப்ப சென்னையில் இருந்தவங்க சொல்லுங்க, உங்க வீட்டில் பாக்ஸ் வாங்கினீங்களா, இல்ல புள்ளி மழைதானா?