கைக்கு அளவெடுத்த துப்பாக்கி



ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டல் என்றொரு போட்டி இருந்தது. 'ஃப்ரீ பிஸ்டல்' என்பார்கள். விசைக்கும் பிடிக்கும் கட்டுப்பாடு மிகக் குறைவு. பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் வீரர்கள் பலர் அரமும் பட்டியும் வைத்துக்கொண்டு, மரப்பிடியைத் தங்கள் உள்ளங்கைக்கேற்ப வீட்டிலேயே ராவிச் சரிசெய்தார்கள். சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான்!

பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 5 சென்டிமீட்டர். 1980 மாஸ்கோவில் சோவியத் வீரர் மெலென்டியேவ் 60 குண்டுகளில் 600க்கு 581 எடுத்தார். 34 ஆண்டுகள் நின்ற சாதனை. 2014இல்தான் கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 583 எடுத்து முறியடித்தார்.

2016 ரியோவுக்குப் பிறகு போட்டியையே நீக்கிவிட்டார்கள். ஆண், பெண் சமத்துவத்துக்காக என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதே போட்டியைப் பெண்களுக்கும் வைத்திருக்கலாமே?