பின்சீட்டுக் காலுக்கு ஒரு வரலாறு

மூணு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. செமஸ்டர் ஆணி அப்படி. இப்போ கொஞ்சம் மூச்சு விட முடியுது. அதான் ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருந்த ஒரு விஷயத்தைப் பதிவாப் போட்டுடலாம்னு உட்கார்ந்துட்டேன். மேட்டர் என்னன்னா, பைக்கோட பின்பக்க ஃபுட்ரெஸ்ட்.

சிரிக்காதீங்க :-) மோட்டார் சைக்கிள் வரலாறுன்னு எடுத்தா இன்ஜின், ரேஸ், கம்பெனி முதலாளின்னு பக்கம் பக்கமா வரும். பின்னாடி உட்கார்ந்து வந்தவங்க காலை எங்க வெச்சாங்கங்கற கேள்விக்கு ஓரத்துல ஒரு வரி கிடைச்சாலே அதிகம். ஆனா அந்த ஓரத்து வரியைப் புடிச்சு இழுத்தா சட்டம், துணி, பொம்பளைங்க எப்படி உட்காரணும்னு ஊர் போட்ட கணக்கு, எல்லாம் கூடவே வருது.

குதிரைக்குப் பின்னாடி

பின்சீட்டுக்கு இங்கிலீஷ்காரன் சொல்ற 'பில்லியன்'ங்கற வார்த்தை பைக்கை விட நானூறு வருஷம் பழசு. தோல்னு பொருள்படும் லத்தீன் சொல் 'பெல்லிஸ்'. அது கேலிக் மொழி வழியா 16ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்துச்சு. குதிரை ஓட்டுற ஆம்பளைக்குப் பின்னாடி ஒரு மெத்தையைக் கட்டி, அதுல பொம்பளை ஒருபக்கமா உட்கார்ந்து போவாங்க. கால் வெக்க ஒரு சின்னப் பலகை தொங்கும். நல்லா கவனிங்க, ஒரே பக்கம், ஒரே பலகை. நம்ம ஊரு பைக்குல இடது பக்கம் இருக்கற கம்பிக்கு இந்தப் பலகை தூரத்துச் சொந்தம்.

1894ல ஜெர்மனியில மியூனிக் நகரத்துல ஹில்டிபிராண்ட் உண்ட் வுல்ஃப்முல்லர் கம்பெனி மோட்டார் சைக்கிளை வரிசையா உற்பத்தி பண்ண ஆரம்பிச்சப்போ, அது ஒரு ஆள் வண்டிதான். அப்புறம் வந்த பல வண்டிகளுக்கு சைக்கிள் மாதிரியே பெடல் இருந்துச்சு. ஓட்டுறவன் கால் பெடல் மேல இருந்துடும். பின்னாடி யாராவது ஏறணும்னா மட்கார்டுக்கு மேல இருக்கற கேரியர்தான். அதுல ஒரு மெத்தையை வார் போட்டுக் கட்டி ஏறிக்க வேண்டியது. காலைப் பத்தி யாரும் யோசிக்கல.

முதல் உலகப் போருக்கு அப்புறம் பிரிட்டன்ல மோட்டார் சைக்கிள் சாதாரண இளவட்டங்க கைக்கும் வந்துச்சு. கூடவே காதலியும் பின்னாடி ஏறினா. அந்தப் பின்சீட்டுக்கு 1920கள்ல வந்த கிண்டல் பேரு 'ஃப்ளாப்பர் பிராக்கெட்'. ஃப்ளாப்பர்னா முடியை வெட்டி, குட்டைப் பாவாடை போட்டு, அடக்கமில்லாம திரியறதா பெருசுங்க திட்டின பொண்ணு. அவ உட்கார்ற இடம்ங்கறதால சீட்டுக்கே அந்தப் பேரு.

ஒத்தை வார்த்தை

1930ல பிரிட்டன்ல சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்துச்சு. கார்களுக்கு இருந்த மணிக்கு 20 மைல் வேக வரம்பைத் தூக்கினதும் இந்தச் சட்டம்தான். அதுலயே பின்சீட்டுக்கும் ஒரு பிரிவு. ஓட்டுறவரைத் தவிர ஒருத்தர்தான் ஏறலாம். அவரும் வண்டியில கெட்டியாப் பொருத்தின முறையான சீட்டுல உட்காரணும். இதோட நிறுத்தாம, ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காரணும்னும் போட்டான். கேரியர்ல கட்டின மெத்தைக்கும், ஒருபக்கமா உட்கார்ற பழக்கத்துக்கும் அன்னிக்கே சட்டப்படி பெரிய பூட்டு.

அந்தக் காலப் பெண்களும் சும்மா பின்னாடி மட்டும் உட்கார்ந்திருக்கல. 1934 டிசம்பர்ல தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளெங்கிரன்னு ரெண்டு பேர் 600 சிசி பேந்தர் வண்டியில, சைட்காரும் ட்ரெய்லரும் மாட்டிக்கிட்டு லண்டன்ல கிளம்பி, சஹாராவைத் தாண்டி 1935ல கேப் டவுன் போய்ச் சேர்ந்தாங்க. பேன்ட் போட்ட பொம்பளைன்னு முணுமுணுத்தவங்க வாயை இந்த மாதிரி ஆளுங்க கொஞ்சம் கொஞ்சமா அடைச்சாங்க.

சட்டம் வந்துச்சே ஒழிய ஃபுட்ரெஸ்ட் வண்டியோட இலவசமா வந்துடல. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம்கூட பல பிரிட்டிஷ் கம்பெனிகளோட விலைப்பட்டியல்ல பின்பக்க ஃபுட்ரெஸ்ட் தனியாக் காசு குடுத்து வாங்க வேண்டிய சாமான். 1940கள் கடைசியிலயும் 1950கள்லயும் ரெண்டு பேர் உட்கார்ற நீளமான சீட்டு பரவின பிறகுதான் பின்னாடி வர்ற ஆளையும் கணக்குல எடுத்து வண்டி செஞ்சாங்க.

இதுல ஒரு தமாஷ். அதே காலத்துல லண்டன் ஏஸ் கஃபே மாதிரி இடங்கள்ல கூடின ரேஸ் பைத்தியங்க, காத்தைக் கிழிக்கறதுக்காக டேங்க் மேல குப்புறப் படுத்து ஓட்டுவாங்க. அப்படிப் படுத்தா காலைப் பின்னாடி இழுக்கணுமே? எங்க வெக்கறது? பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் மேலதான்! அப்புறம் கியர், பிரேக் எல்லாத்தையும் பின்னாடி தள்ளி மாட்டற 'ரியர்செட்' தனிச் சாமானாவே கடைக்கு வந்துச்சு. காதலிக்காகப் போட்ட கம்பியைக் காதலன் புடுங்கிக்கிட்ட கதை.

மலிவான சின்ன வண்டிகள்ல இன்னொரு பிரச்சினை. பல 50, 90, 125 சிசி வண்டிகள்ல செலவைக் குறைக்க, பின்பக்க ஃபுட்ரெஸ்ட்டை ஃபிரேம்ல மாட்டாம ஸ்விங் ஆர்ம்லயே மாட்டினாங்க. சீட்டு ஸ்பிரிங்குக்கு மேல, கால் ஸ்பிரிங்குக்குக் கீழ. பள்ளத்துல வண்டி இறங்கினா சக்கரத்தோட சேர்ந்து காலும் துள்ளும், முட்டி நெஞ்சுக்கு வரும். முன்னாடி ஓட்டுறவனுக்கு இந்த அடி எதுவும் தெரியாது, அவன் ஃபுட்ரெஸ்ட் ஃபிரேம்ல இருக்கே.

அமெரிக்கால 1974 செப்டம்பர்ல அமலுக்கு வந்த ஒரு விதி கியர் இடது காலுக்கு, பிரேக் வலது காலுக்குன்னு ஒழுங்கு பண்ணுச்சு. வலது பக்கம் கியர் வெச்சிருந்த பிரிட்டிஷ் கம்பெனிங்க இதனால அடிச்சுப் புடிச்சு மாத்தினது பைக் ரசிகர்களுக்கு நல்லாத் தெரியும். அதே விதியில ஒரு மூலையில, பின்னாடி உட்கார்றவங்க ஃபுட்ரெஸ்ட் மேலயும் பின்னாலயும் மடங்கணும்னு இருக்கு. வண்டி சாயும்போது கம்பி தரையில முட்டினா, மடங்காத கம்பி சக்கரத்தையே தூக்கி விட்டுடும். மடங்குற கம்பி உரசிட்டு ஒதுங்கிடும்.

நம்ம ஊருக்கு வருவோம்

1955ல என்ஃபீல்டு புல்லட் மெட்ராஸ் வந்துச்சு. 1980ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50, ரெண்டு பேர் போகற மாதிரி மொபெட். 1984ல இண்ட்-சுசுகி, 1985ல ஹீரோ ஹோண்டா சிடி 100. கார் வாங்க முடியாத குடும்பத்துக்கு இதுதான் கார். பின்னாடி அம்மா, சேலையில, ஒருபக்கமா, மடியில ஒரு குழந்தை.

இப்போ ஒரு வேடிக்கை பாருங்க. பிரிட்டன்ல 1930 சட்டத்துக்குப் பதிலா இன்னிக்கு நடைமுறையில இருக்கறது 1988ல வந்த சட்டம். இந்தியாவோட மோட்டார் வாகனச் சட்டமும் 1988தான். ரெண்டுலயும் பின்சீட்டுப் பிரிவு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரே ஆள், முறையான சீட்டு, கெட்டியாப் பொருத்தி, ஓட்டுறவருக்குப் பின்னாடி. ஆனா பிரிட்டன் சட்டத்துல இருக்கற 'ரெண்டு பக்கமும் கால் போட்டு'ங்கற அந்த ஒத்தை வார்த்தை நம்ம 128ஆம் பிரிவுல இல்ல.

அதுக்குப் பதிலா 1989ல வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123ஆம் விதி. பைக் செய்யறவங்க மூணு சாமான் குடுக்கணும்னு சொல்லுது. பிடிச்சுக்க ஒரு கைப்பிடி, ஒரு ஃபுட்ரெஸ்ட், அப்புறம் பின்சீட்டுல இருக்கறவங்க துணி மாட்டாம பின்சக்கரத்துல பாதியாவது மூடற ஒரு தடுப்பு. சேலைங்கற வார்த்தையே விதியில கிடையாது. ஆனா அது யாருக்காக எழுதினதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். நாம 'சேலை கார்டு'ன்னுதானே சொல்றோம்? பல வண்டிகள்ல அதோட அடியிலயே கால் வெக்க ஒரு தட்டும் இருக்கும், இடது பக்கம் மட்டும். லத்தீன் மெத்தைக்குக் கீழ தொங்கின பலகை திரும்பி வந்துடுச்சு.

சட்டத்துக்கு நான் முழுசா எதிரி இல்ல. சேலை கட்டின பொம்பளைங்க பைக்ல போகவே கூடாதுன்னு சொல்லாம, அவங்க இருக்கற மாதிரியே ஏத்துக்கிட்டு துணி சக்கரத்துல மாட்டாம பார்த்துக்கிச்சு. அது எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கும்! ஆனா விழாம இருக்கறதுக்கு வழி பண்ணல. ஒருபக்கமா உட்கார்ந்தா முட்டியால இறுக்கிப் பிடிக்க முடியாது. ரெண்டு காலும் இடது பக்கம், முதுகு வலது பக்கம். தூக்கிப் போட்டா மல்லாக்க விழறது வலது பக்கம், அதாவது பின்னாடி லாரி வர்ற பக்கம்.

எங்க சித்தி அப்படித்தான் விழுந்தாங்க. நான் எட்டாவது படிச்சப்போ. பெயின்ட் அடிக்காத வேகத்தடை, சித்தப்பா பார்க்கல. மடியில இருந்த தம்பியைக் கையை விடாம பிடிச்சிருந்ததால அவங்களுக்குத் தன்னைப் பிடிச்சுக்கக் கை இல்ல. தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்ல. சித்திக்கு இடுப்பு எலும்பு. பார்க்க வந்த சொந்தக்காரங்க எல்லாரும் ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்துலயே நின்னுக்கிட்டு சொன்னது ஒண்ணுதான்: "ஒழுங்காப் புடிச்சு உட்கார வேண்டாமாம்மா?" சித்தி ஒண்ணும் பேசல. அன்னிக்கு அப்புறம் இன்னி வரைக்கும் அவங்க பைக்ல ஏறல. பஸ்தான், இல்லாட்டி நடை.

பிர்மிங்ஹாம்ல ஒரு ஞாயித்துக்கிழமை

எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சின்னா, இங்க நம்ம டிபார்ட்மென்ட் அண்ணன் ஒருத்தர் பழைய 125 சிசி வண்டி வாங்கினார். எல் போர்டு மாட்டி ஓட்டுற வரைக்கும் இங்க பின்னாடி யாரையும் ஏத்தக் கூடாது. முழு லைசென்ஸ் கைக்கு வந்ததும் அண்ணியைக் கூட்டிட்டுப் போக ஆசை. பார்த்தா, முன்னாடி வெச்சிருந்தவன் ஸ்டைலுக்காகப் பின்பக்க ஃபுட்ரெஸ்ட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டிருக்கான். இங்க 1986 விதிப்படி, ஆளை ஏத்தினா அவங்க காலுக்குத் தாங்கல் இருந்தே ஆகணும்.

புது ஃபுட்ரெஸ்ட் வாங்கறதுல நாங்க பார்த்தது இதுதான். எல்லா வண்டிக்கும் பொருந்தும்னு விக்கறதுல அடி நாக்கோட அகலம், பின் ஓட்டையோட அளவு ரெண்டும் பிராக்கெட்டோட ஒத்துப் போகணும். லூசா இருந்தா ஆடி ஆடியே ஓட்டை பெருசாகும். இடது வலது மாத்தி மாட்டினா முன்பக்கமா மடங்கும், அது ஆபத்து. பளபளன்னு பல்லு வெச்ச அலுமினியத்தை விட ரப்பர் போட்டது நல்லது, அதிர்வு குறையும். ரொம்ப மேல இருந்தா முட்டி மடங்கி வலிக்கும், ரொம்பக் கீழ போனா வளைவுல உரசும்.

மாட்டறப்போ பிராக்கெட் போல்ட்டை மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சு முடுக்கினோம். ஸ்ப்ளிட் பின் புதுசு. மாட்டி முடிச்சதும் நான் பின்னாடி ஏறி நல்லா அமுக்கிக் குலுக்கிப் பார்த்தேன், குதிகால் சைலன்சர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ இடிக்குதான்னு. இடிக்கல. இன்சூரன்ஸ்காரனுக்கும் ஒரு போன். இங்க வண்டியில எதை மாத்தினாலும் சொல்லிடணும்.

அண்ணி இறங்கி வந்தாங்க, பட்டுச் சேலையில. பாலாஜி கோயிலுக்குக் கிளம்பற பிளான். அண்ணன் தயங்கித் தயங்கி சட்டத்தைச் சொன்னார், ரெண்டு பக்கமும் கால் போடணும்னு. அண்ணி ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "கல்யாணமாகி ஆறு வருஷமா இவர் பின்னாடி ஒருபக்கமாத்தான் தொங்கிட்டுப் போனேன். வேணுமான்னு யாரும் கேக்கல. இங்க கூடாதுன்னு சொல்றதுக்காவது ஒரு சட்டம் இருக்கே"ன்னுட்டு உள்ள போய் ஜீன்ஸ் மாட்டிட்டு வந்தாங்க. சேலை பையில. கோயில்ல மாத்திக்கலாமாம்.

சேலை வேண்டாம்னு சொல்றதுக்கு இந்தப் பதிவு இல்ல. ஊர்ல சுடிதார் போட்ட பொண்ணுகளையே "ஒருபக்கமா உட்காரு, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க"ன்னு சொல்ற வீடுகள் இருக்கு. அந்தப் பேச்சுக்கு சட்டத்துலயும் ஆதாரம் இல்ல, இயற்பியல்லயும் இல்ல. வலது பக்கமும் ஒரு ஃபுட்ரெஸ்ட் சும்மா மடங்கிக் கிடக்கு. அதை விரிச்சுக்கணுமா வேண்டாமான்னு பின்னாடி உட்கார்றவங்க முடிவு பண்ணட்டும். சித்திக்கு இதைப் போன்ல படிச்சுக் காட்டினேன். "அப்போ தப்பு என்மேல இல்லேங்கற"ன்னாங்க. இல்ல சித்தின்னேன்.

பி.கு.: இந்த வாரம் வீட்டு வண்டியோட பின்பக்க ஃபுட்ரெஸ்ட்டை, ரெண்டு பக்கமும், கையால மேல கீழ ஆட்டிப் பாருங்க. ஆடினா பின்னை மாத்துங்க. ரப்பர் தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சுன்னா அதையும் மாத்துங்க. பெரிய செலவு இல்ல.