காண்பதும் இனங்காண்பதும்

கண்ணில் ஒளி விழுந்த மாத்திரத்தில் அறிவு பிறந்துவிடுகிறதா? இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் தலையாயவர், ஹிஜ்ரி 354 (கி.பி. 965) அளவில் பஸ்ராவில் பிறந்து, காஹிராவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம். ஒளியும் நிறமும் கண்ணை அடைவது ஒன்று; கண்டது இன்னதெனத் தெளிவது வேறொன்று என்று, ஏழு பாகங்கள் கொண்ட தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் அவர் பிரித்துக் காட்டினார். முன்பு கண்ட வடிவம் நினைவில் நிற்கிறது. அதனோடு ஒப்பிட்டே மனம் இனங்காண்கிறது. படித்தவன் 'அப்ஜத்' எனும் சொல்லை எழுத்தெழுத்தாய்க் கூட்டாமல், கண்டவுடன் அறிவதை அவர் சான்றாகக் கூறினார்.

இவ்வொப்பீட்டை மனத்துக்குப் புறத்தே, ஒளியைக் கொண்டே நிகழ்த்த இயலுமா? 1873இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே, நுண்ணோக்கியில் உருவம் தோன்றும் முறையை ஆராய்ந்து இதற்கு வழி திறந்தார். உருவத்தின் ஊடே வந்த ஒளியை வில்லை தன் குவியத்தில் வகைப்படுத்தி வைக்கிறது. பரும்படியான கூறுகள் நடுவிலும் நுண்ணியவை விலகியும் விழுகின்றன.

1960இல் லேசர் பிறந்தபின் இவ்வழி அகன்றது. 1964இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து வாண்டர்லக்ட் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். தேடும் உருவத்தின் ஒளிக்கோலத்தை ஹாலோகிராம் போன்று தகட்டில் பதித்து, அதனைக் குவியத்தில் நிறுத்துவது அவர் முறை. ஒரு பக்கத்து எழுத்துகளின் ஒளி அத்தகட்டையும் இரண்டாம் வில்லையையும் கடந்தால், தேடிய எழுத்து எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் ஒரே வேளையில் ஒளிப்புள்ளி சுடர்விடும்.

ஆயினும் எழுத்து சாய்ந்தாலோ சிறுத்தாலோ அப்புள்ளி மங்கிற்று. தாய் திரும்பி நின்றாலும் குழந்தை அறிந்துகொள்கிறது. தகடோ தன்னில் பதிந்த கோலத்தை மட்டுமே அறிந்தது. கணிப்பொறிகள் விரைவு பெறவே இம்முறை பின்தங்கியது. எனினும் ஆய்வு நிற்கவில்லை. 2018இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழுவினர், கணிப்பொறியால் வடிவமைத்த மெல்லிய அடுக்குகளின் ஊடே டெராஹெர்ட்ஸ் அலைகளைச் செலுத்தி, கையால் எழுதிய எண்களை இனங்கண்டனர்.

இவையனைத்தையும் இப்னுல் ஹைதம் அன்றே சொல்லிவிட்டார் என மார்தட்டுவோர் நம்மிடையே உளர். அது வரலாறன்று. லேசரை அவர் அறியார், ஹாலோகிராமையும் அறியார். தாலமியின் நூல்கள்மீது எழுந்த ஐயங்களைத் தனி நூலாகவே தொகுத்தவர் அவர். முன்னோர் சொல்லையும் சோதித்தே ஏற்றவர். சாய்ந்த எழுத்தையும் மனம் எங்ஙனம் அறிகிறது என்று நம் பிள்ளைகள் கேட்கட்டும். அவர் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்வதினும், அவர் போல் வினவக் கற்பதே அவருக்கு நாம் செய்யும் கண்ணியமாகும்.