அவர் ஏன் எனக்கு நன்றி சொன்னார்?

மதுரையில் கடிகாரம் பழுது பார்ப்பது என் தொழில். இதில் கைதான் முதல். ஹேர் ஸ்பிரிங்கை ட்வீசரில் எடுக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம். காலையில் ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் கை நடுக்கம் அடங்கும் என்ற நிலைக்கு வந்தபிறகு, கடைக்கு வருபவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லப் பழகினேன். ஒரு மருத்துவர் மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு தேவாலயத்தின் பெயரையும் 'வியாழன் மாலை 7' என்றும் எழுதிக் கொடுத்தார். மூன்று வியாழன் வாசல்வரை போய்த் திரும்பினேன். நான்காவது வாரம் உள்ளே போனேன்.

மர பெஞ்சுகள், டீ, பத்துப் பன்னிரண்டு பேர். யாரும் என் ஊரையும் குலத்தையும் விசாரிக்கவில்லை. அறுபது வயதிருக்கும் ஒருவர், மனைவியின் தாலியை அடகு வைத்துக் குடித்ததைத் தலை குனியாமல் சொன்னார். கூட்டம் முடிந்ததும் நடுங்கிய என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி தம்பி."

உதவி கேட்டுப் போனவன் நான். அவர் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை, அந்தக் கூட்டத்தை நடத்திய, ஏ.ஏ. என்று நாங்கள் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் வரலாற்றைப் படிக்க வைத்தது.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன், டயர் ஆலைகளின் ஊர். 1935 மே 11, சனிக்கிழமை. நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்து தோற்றுப்போன பில் வில்சன் என்ற பங்குத் தரகர், மேஃபிளவர் ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். மதுவை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், மறுபக்கம் தொலைபேசி. அந்த ஐந்து மாதத்தில் நியூயார்க்கில் எத்தனையோ குடிகாரர்களைத் திருத்தப் பார்த்திருந்தார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அவர்களோடு பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் குடிக்கவில்லை. அது நினைவுக்கு வந்ததும் தொலைபேசியை எடுத்தார். அவர் தேடியது மருத்துவரை அல்ல, தன் பேச்சைக் கேட்க இன்னொரு குடிநோயாளியை.

வால்டர் டங்க்ஸ் என்ற பாதிரியாரில் தொடங்கி, ஒருவர் மாற்றி ஒருவராக, குட்இயர் நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்தின் மருமகளான ஹென்ரியட்டா சைபர்லிங்கை அவர் குரல் எட்டியது. மறுநாள் மாலை தன் வீட்டில் டாக்டர் பாப் ஸ்மித்தை ஹென்ரியட்டா பில்லுக்கு அறிமுகப்படுத்தினார். பாப் அறுவை மருத்துவர். 55 வயது. குடியை விட எல்லா வழியும் பார்த்துத் தோற்றவர். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டு வந்தார். ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். காரணம், பில் உபதேசம் செய்யவில்லை. தான் குடித்த கதையைச் சொன்னார். "உங்களால் எனக்கு உதவி ஆகவேண்டும்" என்ற நிலையில் பேசினார்.

பாப் உடனே மீண்டுவிடவில்லை. மருத்துவர்கள் மாநாடு ஒன்றுக்குப் போனவர் மறுபடி குடித்துவிட்டுத் திரும்பினார். ஜூன் 10 காலை அவர் ஓர் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். கை நடுங்கியது. நடுக்கம் அடங்க பில்லே ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். இந்த வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே பாப் கடைசியாகக் குடித்தது. சிகிச்சை முடிந்ததும் தான் ஏமாற்றியவர்களையும் கடன்காரர்களையும் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். 1950-இல் இறக்கும்வரை தொடவில்லை. ஜூன் 10-தான் ஏ.ஏ.வின் பிறந்தநாள்.

அதே மாதம் இருவரும் ஏக்ரன் நகர மருத்துவமனைக்குப் போனார்கள். செவிலியர்களை அடித்ததால் கட்டிலில் கட்டி வைக்கப்பட்டிருந்த பில் டாட்சன் என்ற வழக்கறிஞர்தான் மூன்றாமவர். தாங்கள் குடிக்காமல் இருப்பதற்காகவே வந்திருப்பதாக அவரிடம் சொன்னார்கள். 1939-இல் இவர்கள் அனுபவம் புத்தகமானது. அதன் பெயரே இயக்கத்துக்கும் நிலைத்தது. 1941 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் கட்டுரை வந்தபின், ஏறத்தாழ 2,000 பேராக இருந்தவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் 8,000 ஆனார்கள்.

இவர்களுக்கு முன்பே, 1840-இல் பால்டிமோர் நகரத்து மதுக்கடையில் ஆறு குடிகாரர்கள் சத்தியம் செய்து தொடங்கிய 'வாஷிங்டோனியன்' இயக்கம் லட்சக்கணக்கானோரைச் சேர்த்தது. மதுவிலக்கு அரசியலில் இழுபட்டுச் சில ஆண்டுகளில் கரைந்தது. அதனால்தான் ஏ.ஏ. எந்தக் கட்சிக்கும் சட்டத்துக்கும் ஆதரவோ எதிர்ப்போ சொல்வதில்லை. வெளியார் பணத்தையும் வாங்குவதில்லை. பெயரை வெளியிடாமல் இருப்பதும் எங்கள் மரபு; நானும் இங்கே என் பெயரை எழுதவில்லை.

நம் மாநிலத்திலும் மது பற்றிய சட்டம் எத்தனையோ முறை மாறியது. ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் அது விலக்கப்பட்டது. 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் இதற்கென்றே சிகிச்சை மையம் தொடங்கினார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவனுக்கு அடுத்த நாள் மாலை என்று ஒன்று வருமே, அந்த மாலைக்குத்தான் எங்கள் மர பெஞ்சு.

இப்போது அந்த அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. போன ஐப்பசியில் ஒரு வியாழன், அடைமழை. ஏழரை ஆகியும் ஒருவரும் வரவில்லை. போட்ட டீ ஆறிப்போனது. அன்று கடையிலும் மனம் சரியில்லாத நாள். தெருமுனை மதுக்கடையின் விளக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மேஃபிளவர் கூடத்தில் பில் நின்ற நிலை எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. முழங்கால் வலியால் வீட்டோடு இருக்கும் அந்தப் பெரியவருக்குப் போன் போட்டேன். "சொல்லுங்க தம்பி" என்றார். அரைமணி நேரம் பேசினேன். மழை விட்டது. அவர் வாயெடுக்குமுன் நான் முந்திக்கொண்டேன்: "போன எடுத்ததுக்கு ரொம்ப நன்றிண்ணே."