ஆன்சியேன்

‘முன்னாள்’, ‘பழைய’ என இரு பொருள் தரும் பிரெஞ்சு உரிச்சொல். எந்தப் பொருள் என்பதைப் பெரும்பாலும் அது நிற்கும் இடமே சொல்லிவிடும். பெண்பாலில் ‘ஆன்சியென்’. பின்னிலை லத்தீனில் ‘முன்’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது.

‘எக்லீஸ் ஆன்சியென்’ என்றால் பழமையான தேவாலயம்; இன்றும் அங்கே பூசை நடக்கலாம். உரிச்சொல் முன்னே வந்து ‘ஆன்சியென் எக்லீஸ்’ ஆனால், ஒருகாலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம். பாரிஸின் பாந்தியோன் இதற்குக் கச்சிதமான உதாரணம்: புனித ஜெனவீவ் தேவாலயமாக எழுந்த அது, 1791-இல் நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் நினைவகமாக மாற்றப்பட்டது.

‘ஆன்சியேன் ரெஜீம்’ என்பதும் இந்த வகைதான். 1789 புரட்சிக்கு முந்தைய, முடிந்துபோன ஆட்சிமுறை. அந்தப் புரட்சியைப் பற்றிப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வீல் எழுதி 1856-இல் வெளிவந்த நூலின் தலைப்பிலும் இத்தொடர் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுச்சேரிக்காரர்கள் ‘ஆன்சியேன் கொம்பத்தான்’, அதாவது முன்னாள் போர்வீரர்கள். வயதானவர்கள் என்பதல்ல பொருள்.

விதி எப்போதும் கறாராக இருப்பதில்லை. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டுக்கு உரிச்சொல் முன்னேதான் வரும். அதை ‘முன்னாள் ஏற்பாடு’ என்று யாரும் படிப்பதில்லை.

அலுவலகத்தில் ‘ஆன்சியென்தே’ என்றால் பணிமூப்பு. கடுகுச்சாந்துப் புட்டியில் ‘அ லான்சியென்’ என்றிருந்தால் பழைய பாணித் தயாரிப்பு. உள்ளே கடுகு முழுதாக அரைபடாமல் மணிமணியாகக் கிடக்கும்.